ஒற்றைக் கைக்கு

இடது கையில் இரண்டு ஊசி.
நாலு மணி நேரத்துக்கு அது என் கை இல்லை,
மெஷினுடையது.
மிச்சம் வலது கை.
அதிலும் கட்டைவிரல்தான் காரியக்காரன்.

செக்காலை ரோட்டில் இதை வாங்கப் போனபோது
எத்தனை ஜிபி வேணும் என்றார் நைனா முகமது.
ஒரு கையால் முடியுமா என்றேன்.
கடை திறந்த நாளாய் யாரும் கேட்டதில்லையாம்.
தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாய் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.
பளபளப்பாய் இருந்தது வழுக்கி விழுந்தது.
தொடுதிரைக்குக் கட்டைவிரல் எட்டவில்லை.
கடைசியில் தேறியது இது:
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது,
அஞ்சு பொத்தான்,
ஆயிரத்து நானூறு, சார்ஜர் தனி.

குறை சொல்லாமல் இருக்க முடியாது.
நிறுத்தவும் அணைக்கவும் ஒரே பொத்தான்.
கொஞ்சம் அமுக்கினால் பாட்டு நிற்கும்.
கொஞ்சம் கூட அமுக்கினால்
சீன எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு இருண்டுபோகும்.
எது கொஞ்சம், எது கூட என்பது
விரலுக்கும் பெட்டிக்கும் நடக்கும் வழக்கு,
இன்னும் தீர்ப்பாகவில்லை.
பக்கவாட்டுப் பூட்டு நகம் இருந்தால்தான் நகரும்.
செவ்வாய் வெள்ளி நகம் வெட்டக்கூடாது என்பார்கள்,
எனக்கு டயாலிசிஸும் செவ்வாய் வெள்ளிதான்,
வசதியாய்ப் போயிற்று.
பேட்டரி மூன்று கோடு காட்டும்.
மூன்றிலிருந்து நேரே ஒன்றுமில்லை.
இரண்டை நான் பார்த்ததே இல்லை.

தமிழ் தெரியாது அதற்கு.
பாட்டின் பெயரெல்லாம் கட்டம் கட்டமாய் நிற்கும்,
பூப்போட மறந்த ஆத்தங்குடிக் கல் மாதிரி.
ஏழு கட்டமென்றால் தவில்.
பன்னிரண்டு, மைத்துனன் கல்யாண வீடியோ,
அதில் பாதி நேரம் பந்தி.
ஒன்பதில் இரண்டு இருக்கின்றன,
ஏமாறுவதும் பொழுதுபோக்குத்தான்.

அப்புறம், அழிக்க முடியாத ஒன்று.
பெட்டியோடு வந்த மாதிரிப் படம்.
ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு.
எங்கேயோ ஓர் அருவி.
ஆள் இல்லை, பேச்சில்லை, தண்ணீர் மட்டும்.
நம் பக்கம் கண்மாய்தான், அதுவும் மழை பெய்தால்.
எனக்கு நாளுக்கு எழுநூறு மில்லி,
மாத்திரை விழுங்குவது, ரசம், மோர் எல்லாம் சேர்த்து.
இரண்டு அங்குலத் திரையில்
அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது.
இதை ஏற்றி வைத்தவனுக்குத்
தாகம் எடுத்திருக்காது.

வலப் பக்கத்துக் கட்டில் அடைக்கலம்,
பள்ளத்தூரில் ஆட்டோ ஓட்டியவர்.
அவருக்கு ஊசி வலது கையில்.
என் வலதும் அவர் இடதும் நடுவில் சும்மா கிடக்கும்,
இரண்டு பேருக்குமாய் ஒரு சோடி.

ஒரு வெள்ளிக்கிழமை தவில் பாதியில் பெட்டி உறைந்தது.
பின்பக்கத் துளையில் ஊசி குத்தி,
அதே நேரம் நடுப் பொத்தானையும் அமுக்க வேண்டும்.
யாருக்காக இப்படிச் செய்தார்களோ!
சிஸ்டர் ரோஸ்லின் தன் சேஃப்டி பின்னைக் கழற்றித் தந்தார்.
அடைக்கலம் பிடித்து அமுக்கினார், நான் குத்தினேன்.
விழித்துக்கொண்டு இரண்டு சொல் காட்டியது.
எது ஆம், எது இல்லை?
மேலே இருந்ததை அமுக்கினோம்.

எல்லாம் போயிற்று.
ஏழு, பன்னிரண்டு, இரண்டு ஒன்பதும்.

அருவி இருந்தது.

"அதையாவது போடுங்கண்ணே."
இயர்போனில் ஆளுக்கு ஒரு காது.
ஒயரை மடித்துப் பிடித்தால்தான் அவர் பக்கம் கேட்கும்,
பிடித்துக்கொண்டேன்.
முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து தொடங்கியது.
அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

இறங்கி எடை பார்த்தபோது
இரண்டரை லிட்டர் எடுத்திருக்கு என்று எழுதினார் ரோஸ்லின்.
அடைக்கலத்துக்கு மூன்று.
சட்டைப் பையில் போடுமுன் பார்த்தேன்.
மூன்று கோடு காட்டியது.
நான் நம்பவில்லை.